அழ வைத்த கதையும் பூட்டைத் திறந்த கதையும்

கேள்வி: பிப்ரவரி 3, மாலை 6:15

கதை சொல்வதால் மனித உரிமை வளரும் என்று எங்கே போனாலும் பேசுகிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. நாலு பேர் கேட்பார்கள், கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், மறுநாள் வேறு கதைக்குப் போய்விடுவார்கள். உரிமையைத் தந்தது சட்டமும் போராட்டமும்தான். கதை சொன்னதால் உலகத்தில் ஒரு கதவாவது திறந்ததா? இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் இந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

பிப்ரவரி 3, இரவு 10:40

பாதி ஒத்துக்கொள்கிறேன். ஒன்பது வருடம் ஓர் உரிமை அமைப்பில் வாக்குமூலம் எழுதும் வேலை பார்த்தேன். கேட்டு அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அழுத கையோடு எழுந்து போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் "சட்டம்தான் தந்தது" என்பதில் ஓர் ஓட்டை இருக்கிறது. சட்டத்தின் காதில் ஒரு விஷயம் விழ வேண்டுமானால், யாராவது ஒருவர் முதலில் வாயைத் திறந்து நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அதற்கு மனு, புகார், சாட்சியம் என்று என்ன பெயர் வைத்தாலும் அது கதைதான்.

நமக்குத் தெரிந்த பழைய வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணகி சபைக்குப் போனாள், என் சிலம்பில் மாணிக்கப் பரல் என்றாள். அரசியின் சிலம்பில் முத்து. உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது, வழக்கு முடிந்தது. அவள் தலைவிரி கோலத்தைப் பார்த்து யாரும் தீர்ப்பை மாற்றவில்லை.

பிப்ரவரி 4, காலை 7:05

"ஒரு கதவாவது" என்று கேட்டீர்கள். நேற்று படுத்த பிறகு நிஜமாகவே ஒரு கதவு ஞாபகம் வந்தது. ஊர், வருடம், ஆலை எதுவும் சொல்ல மாட்டேன்.

ஆலைத் தொழிலாளிகள் தங்கும் ஒரு விடுதி. இரவு பத்து மணிக்கு வெளிப்பக்கம் பூட்டுவார்கள், காலை ஷிஃப்டுக்குத்தான் திறப்பார்கள். அங்கிருந்து வெளியே வந்த ஓர் அக்காவிடம் நான்கு மணி நேரம் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினேன். அவருடைய அம்மா இறந்த செய்தி ராத்திரியில் வந்தது. கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கியது. விடிந்த பிறகுதான் விட்டார்கள். போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

எங்கள் அமைப்பின் ஆண்டறிக்கையில் அது பதினோரு வரியாக வந்தது. படித்தவர்கள் எல்லாம் கலங்கிப்போனார்கள். அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார்கள், பணமும் அனுப்பினார்கள். நான் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அந்த அக்காவிடம் போனேன். பெருமையோடுதான் போனேன். அவர் மெதுவாகப் படித்தார், திரும்ப ஒருமுறை படித்தார்.

"எல்லாம் சரிதான் தம்பி. நான் அழுதது இருக்கு. பூட்டு எங்கே?"

பூட்டு இல்லை. "விடுதியை விட்டு வெளியே வர முடியவில்லை" என்று மட்டும் இருந்தது. அலுவலகத்தில் வெட்டிவிட்டார்கள் அக்கா, இடம் போதவில்லை என்றேன்.

அப்புறம் ஆய்வாளர்கள் விடுதிக்குப் போனார்கள். நிர்வாகம் சொன்ன பதில்: எங்கள் பிள்ளைகள் பாதுகாப்புக்காக உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார்கள், வேறொன்றும் இல்லை. எங்கள் அறிக்கையைப் புரட்டினால் அதை மறுக்க ஒரு வரி கிடையாது. வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

இரண்டாவது முறை அக்காவே சொல்லச் சொல்ல மனு எழுதினோம். முதல் வரியிலேயே பூட்டு வந்தது: எந்தக் கதவு, எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு. ஆய்வாளர் இந்த முறை கதவை இழுத்து வெளிப்பக்கத்தைப் பார்த்தார். கொண்டியைக் கழற்றியிருந்தார்கள். ஆணித்துளைகள் அப்படியே இருந்தன. அறிக்கையில் "மேலே நான்கு, கீழே நான்கு" என்று எழுதியிருக்கிறார். கொண்டியை ஒருமுறை இடம் மாற்றி அடித்திருப்பார்கள் போலிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த விடுதியில் யாரையும் அடைத்துவைக்கவில்லை.

ஒரே ஆள், ஒரே சம்பவம், இரண்டு கதை. முதலாவது அழ வைத்தது. இரண்டாவதைப் படித்து யாரும் அழுததாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 5, மதியம்

திருத்தம். கண்ணகி எடுத்த எடுப்பில் சிலம்பைப் பற்றிப் பேசவில்லை என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். அவர் சொல்வது சரி. நீ யார் என்று மன்னன் கேட்டதும் அவள் முதலில் இரண்டு அரசர்களின் கதையைச் சொல்கிறாள். புறாவின் துயர் தீர்த்தவன் ஒருவன், பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டவன் இன்னொருவன். அவர்களுடைய ஊர் என் ஊர் என்கிறாள். அரசன் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்ற அளவுகோலைச் சபை நடுவில் நட்டுவைத்துவிட்டு, அதற்குப் பிறகே பரலுக்கு வருகிறாள்.

ஆக, என் உதாரணமே என் பேச்சைக் கொஞ்சம் சாய்த்துவிட்டது. பரல் மட்டும் போதும் என்றால் அந்த இரண்டு கதை எதற்கு? யோசிக்க வேண்டும். அந்தக் கதைகளாவது கண்ணீர்க் கதைகள் இல்லை, கடமையைச் சொல்லும் கதைகள் என்று இப்போதைக்குச் சமாதானம் செய்துகொள்கிறேன்.

"அப்புறம் ஊரையே எரித்தாளே, அது எந்த உரிமை" என்று இன்னொருவர். அதிலும் முதியவர், குழந்தைகள் என்று விலக்குப் பட்டியல் கொடுத்துவிட்டுத்தான் எரித்தாள் ஐயா. நஷ்டஈடு பற்றி வேறொரு நாள் பேசலாம்.

பிப்ரவரி 6, இரவு

இன்று நீளமாகப் போகும்.

1781 நவம்பர் இறுதியில் தொடங்கி, ஸாங் என்ற ஆங்கிலேய அடிமைக் கப்பலிலிருந்து 130-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உயிரோடு கடலில் எறிந்தார்கள். குடிநீர் போதாது என்று காரணம் சொன்னார்கள். கப்பல் ஜமைக்கா போய்ச் சேர்ந்தது. முதலாளிகள் தலைக்கு 30 பவுண்டு என்று காப்பீட்டுத் தொகை கேட்டு வழக்குப் போட்டார்கள். 1783-ல் லண்டன் நீதிமன்றம் விசாரித்தது கொலையை அல்ல, சரக்கு நஷ்டத்தை. நடுவர்கள் (ஜூரி) முதலாளிகள் பக்கம் நின்றார்கள். குதிரைகளை எறிந்திருந்தால் எப்படியோ அப்படித்தான் நடுவர்கள் இதைப் பார்த்தார்கள் என்று தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டே சொல்லியிருக்கிறார்.

சட்டம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, வழக்கும் இருந்தது. ஆனால் அந்த வழக்கில் மனிதர்கள் என்று எண்ணப்பட்டவர்கள் கப்பல் முதலாளிகளும் காப்பீட்டுக்காரர்களும் மட்டும்தான். "சட்டம் தந்தது" என்கிறவர்களுக்கு நான் காட்டுவது இந்த இடத்தை.

ஒருகாலத்தில் அடிமையாக விற்கப்பட்ட ஒலாடா எக்வியானோ இந்தச் சேதியை எடுத்துக்கொண்டு, அடிமை முறையை எதிர்த்துப் போராடி வந்த கிரான்வில் ஷார்ப் என்ற ஆங்கிலேயரின் வீட்டுக்குப் போனார். இவர்கள் செய்தது ரொம்பச் சின்ன வேலை: அதே சம்பவத்தை வேறு பெயர் வைத்துச் சொன்னார்கள். காப்பீட்டு வழக்கு என்று ஊர் சொன்னதை இவர்கள் கொலை என்றார்கள். மறு விசாரணை கேட்டு வாதம் நடந்த நாளில் ஷார்ப் ஒரு சுருக்கெழுத்தாளரையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். கடைசியாக ஒரு கூட்டத்தை எறிவதற்கு முன்பே மழை பெய்து தண்ணீர் கிடைத்துவிட்டது என்ற விவரம் அந்த வாதத்தில்தான் வெளியே வந்தது. எனக்கு அந்த மழை, விடுதிக் கதவின் ஆணித்துளை மாதிரி.

கொலை வழக்கு நடந்ததா? இல்லை. ஷார்ப் கடற்படைத் தலைமைக்கு எழுதிய கடிதங்களால் ஒருவரும் கூண்டில் ஏறவில்லை. கதை தோற்றது என்றே அன்றைக்குச் சொல்லியிருப்பார்கள். 1787-ல் அடிமை வணிகத்தை ஒழிக்க லண்டனில் குழு அமைத்தார்கள், ஷார்ப் அதில் இருந்தார். 1789-ல் எக்வியானோ தன் வாழ்க்கையைத் தானே எழுதி வெளியிட்டு, ஊர் ஊராகப் போய் விற்றார். பிரிட்டன் அந்த வணிகத்தைத் தடை செய்தது 1807-ல். எக்வியானோ 1797-லேயே இறந்துபோனார்.

ஆகவே, கேள்வி கேட்டவருக்கு: கதவு திறந்தது, 24 வருடம் கழித்து, தட்டியவர் இறந்த பிறகு. இதை உங்கள் கட்சிக்கு வைத்துக்கொள்வீர்களோ என் கட்சிக்குத் தருவீர்களோ, எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 6, அதற்குப் பிறகு

பெயர் வைப்பது என்றதும் ஞாபகம் வந்தது. 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. ஏற்றுக்கொண்ட உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் வரி, "எல்லா ஆண்களும்" என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லோடு தொடங்குவதாக இருந்தது. இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா விடாமல் நின்று அதை "எல்லா மனிதர்களும்" என்று மாற்ற வைத்தார். மாறியது ஒரே ஒரு சொல். சட்டமும் ஒரு கதைதான், அதில் யார் பாத்திரம் என்பதில்தான் சண்டை.

(எழுதி முடித்ததும் இந்தக் கடைசி வாக்கியம் கொஞ்சம் மேடைப்பேச்சு மாதிரி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.)

பிப்ரவரி 8

"குரலற்றவர்களின் குரல்." இந்தத் தொடரை எழுதுகிறவர்கள் யாராவது, அந்தக் குரலற்றவரோடு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்களா? என் கை ஓய்ந்துபோகும் அளவுக்கு அவர்கள் பேசுவார்கள். அவர்களுக்குக் குறைவது காது.

பிப்ரவரி 9, காலை

மேலே சொன்னதன் இன்னொரு பக்கம். ஃப்ரெடரிக் டக்ளஸ், அமெரிக்காவில் அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர். அடிமை ஒழிப்புக் கூட்டங்களில் பேச ஆரம்பித்ததும் அவருடைய வெள்ளைக்கார நண்பர்கள் கொடுத்த அறிவுரையை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். நடந்ததை மட்டும் நீ சொல், தத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்களாம். ரொம்பப் படித்தவன் மாதிரிப் பேசாதே, தோட்டத்துப் பேச்சு கொஞ்சம் இருக்கட்டும், இல்லையென்றால் நீ அடிமையாக இருந்தாய் என்று யாரும் நம்ப மாட்டார்கள் என்றும் சொன்னார்கள்.

எதிரிகள் சொன்னதல்ல இது, கூட நின்றவர்கள் சொன்னது. நாங்களும் அதைத்தான் செய்தோம், இத்தனை பச்சையாகச் சொன்னதில்லை, அவ்வளவுதான். நீங்கள் பட்ட பாட்டைச் சொல்லுங்கள், கோரிக்கையை நாங்கள் எழுதிக்கொள்கிறோம். பூட்டைப் பற்றிய அந்த அக்காவின் பேச்சு எங்களுக்குத் "தத்துவம்". அவருடைய அழுகை "நடந்தது".

நம்பாதவர்களுக்கு டக்ளஸ் கொடுத்த பதில் 1845-ல் வந்த அவருடைய சுயசரிதை. எஜமானர்களின் பெயர், இடம் எல்லாவற்றையும் போட்டார். சட்டப்படி அப்போதும் அவர் இன்னொருவரின் சொத்து. பெயர் போட்ட அன்றே ஆள்பிடிப்பவர்களுக்கு முகவரி கொடுத்த மாதிரி. அதே வருடம் கடல் தாண்டிப் போய்விட்டார். பிரிட்டனில் இருந்த நண்பர்கள் பணம் திரட்டி 1846-ல் அவருடைய விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். கதையின் பரல்கள் சொந்தப் பெயர்களாக இருந்தால் சொல்பவருக்கு என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

பிப்ரவரி 9, மாலை

"ஆராய்ச்சி ஏதாவது உண்டா, எல்லாம் பழைய கதையாகவே சொல்கிறீர்களே" என்று கேட்டிருக்கிறார்கள். உண்டு. அமெரிக்காவில் 2007-ல் வெளியான ஒரு சோதனை. ஒவ்வொருவர் கையிலும் 5 டாலர் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு ரோகியா என்ற ஏழு வயது மாலி நாட்டுச் சிறுமியின் கதை, இன்னொரு பிரிவினருக்குப் பஞ்சத்தின் புள்ளிவிவரம், மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும். கதை படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். புள்ளிவிவரம் படித்தவர்கள் 1.14. இரண்டையும் படித்தவர்கள் 1.43.

அதாவது ரோகியாவுக்குப் பக்கத்தில் லட்சக்கணக்கான பேரை நிறுத்தியதும் ரோகியாவுக்கே குறைந்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் இந்த எண்களைச் சுவரில் ஒட்டாத குறை. அதற்குப் பிறகு எந்த வாக்குமூலம் வந்தாலும், இதில் நம்ம ரோகியா யார் என்றுதான் கேட்பார்கள்.

பிப்ரவரி 10

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். அந்தச் சோதனை அளந்தது சட்டைப்பையிலிருந்து வந்த காசை. உரிமையை அல்ல. ரோகியாவுக்குப் பசி என்று அந்தத் தாளில் இருந்தது. யாருடைய முடிவால் பசி, யார் பொறுப்பு, அவளுக்கு என்ன பாத்தியதை என்பதெல்லாம் அதில் வரவே இல்லை. தர்மம் கேட்கும் கதை வேறு, பாத்தியதை கேட்கும் கதை வேறு. தர்மக் கதையில் கேட்பவர் நல்லவர் ஆகிவிடலாம். பாத்தியதைக் கதையில் கேட்பவருக்கே கொஞ்சம் சங்கடம் வரும், ஏனென்றால் பூட்டின் சாவி யாரிடம் என்று அது கேட்கும்.

பிப்ரவரி 12, இரவு

கற்பனைக் கதைகளை விட்டுவிட்டீர்களே என்கிறார் ஒருவர். வருகிறேன், முதலில் பொய்க்கதை ஒன்று.

1990 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு முன்பு 15 வயதுப் பெண் ஒருத்தி பேசினாள். குவைத்தை ஆக்கிரமித்திருந்த ஈராக் படைவீரர்கள் அங்கே ஒரு மருத்துவமனைக்குள் புகுந்து, குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்துத் தரையில் போட்டதை நேரில் பார்த்ததாகச் சொன்னாள். குடும்பத்தின் பாதுகாப்புக்காக முழுப் பெயரை மறைத்தார்கள். ஈராக் மீது போர் வேண்டும் என்ற தலைவர்கள் அந்தக் கதையைப் பேச்சுக்குப் பேச்சு எடுத்தாண்டார்கள். உலகம் மதிக்கும் ஒரு மனித உரிமை அமைப்பே குழந்தைச் சாவுகளைத் தன் அறிக்கையில் சேர்த்து, பிறகு பின்வாங்கியது. 1992-ல்தான் வெளியே வந்தது, அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள். பேசுவதற்குத் தயார் செய்ததில் ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்துக்குப் பங்கு உண்டு.

இதைப் படித்த நாளில் எனக்கு வயிறு கலங்கியது. நாங்கள் தினமும் போட்டுக்கொண்டிருந்த "பெயர் மாற்றப்பட்டுள்ளது" என்ற அதே வரிக்குப் பின்னால்தான் அந்தப் பொய்யும் உட்கார்ந்திருந்தது. வாசகர் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பார்? ஒவ்வொரு பொய்யும், அடுத்து உண்மை சொல்ல வரும் பத்துப் பேரின் வாயை அடைத்துவிட்டுப் போகிறது.

கொலைக்கும் கதை வேண்டும். ருவாண்டாவில் 1993-ல் தொடங்கிய ஒரு வானொலி, அங்கே சிறுபான்மையினரான டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பாட்டு, நையாண்டி எல்லாம் கலந்து, கேட்பதற்குச் சுவாரசியமான வானொலிதான். 1994-ல் இனப்படுகொலை. அந்த வானொலியை நடத்தியவர்களை ஐ.நா. தீர்ப்பாயம் 2003-ல் குற்றவாளிகள் என்றது. கதை நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இப்போது கற்பனை. அதே ருவாண்டாவில், வேறொரு வானொலியில், 2004-ல் ஒரு தொடர் நாடகம் ஆரம்பித்தார்கள். இரண்டு கிராமங்கள், பகை, நடுவில் ஒரு காதல். ஒரு வருடம் சில ஊர்க்காரர்களுக்கு அதையும், வேறு சில ஊர்க்காரர்களுக்கு உடல்நலம் பற்றிய நாடகத்தையும் போட்டுக் காட்டி ஆராய்ந்தார்கள். மனத்துக்குள் இருந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. ஆனால் நம் ஊரில் இப்படித்தான் நடந்துகொள்வார்கள் என்ற எண்ணம் மாறியிருந்தது. ஆராய்ச்சி முடிந்ததும் ஒவ்வொரு குழுவுக்கும் பொதுவில் ஓர் ஒலிநாடாப் பெட்டி கொடுத்தார்கள். உடல்நல நாடகம் கேட்டவர்கள் ஊர்த்தலைவரிடமே இருக்கட்டும் என்று சுலபமாக முடித்துக்கொண்டார்கள். பகை நாடகம் கேட்ட குழுக்களில் யாராவது ஒருவர் எழுந்து, ஏன், நாமே வைத்துக்கொள்ளலாமே என்றார்.

எனக்கு இது ரொம்பப் பிடித்த முடிவு. மனசு மாறவில்லை, ஆனால் எழுந்து ஒரு வார்த்தை மறுத்துப் பேசினார்கள். உரிமைக்கு அது போதும் என்றுகூட எனக்குச் சில நாள் தோன்றும்.

பிப்ரவரி 13

இல்லை, போதாது.

பிப்ரவரி 15

சொல்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பதை இத்தனை நாளாகத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு, உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்திடம் 21,000 பேருக்கு மேல் வாக்குமூலம் கொடுத்தார்கள். 1996-லிருந்து நடந்த பொது விசாரணைகளில் பேச வாய்ப்புக் கிடைத்தது அவர்களில் பத்தில் ஒரு பங்கினருக்குத்தான். நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. வந்த பெண்களில் பலர் கணவனுக்கு, மகனுக்கு நடந்ததையே சொல்லிவிட்டுப் போனார்கள், தங்களுக்கு நடந்ததைச் சொல்லவில்லை. பிறகு பெண்களுக்கென்று தனி அமர்வுகள் வைத்தார்கள். நிவாரணம் என்று அரசு அறிவித்தது 2003-ல், ஆளுக்கு ஒரே தவணையில் 30,000 ராண்ட். ஆணையம் பரிந்துரைத்ததைவிட அது குறைவு.

அர்ஜென்டினாவில் 1977 ஏப்ரல் 30 அன்று, ராணுவ ஆட்சியில் காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டுப் பதினான்கு தாய்மார்கள் மே சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நகருங்கள் என்றது போலீஸ். சரி என்று சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். ராணுவ ஆட்சி போன பிறகு 1984-ல் விசாரணை ஆணையம் 8,961 பேரின் பெயரைப் பதிவு செய்தது. 1985-ல் தளபதிகள் மீது நடந்த வழக்கில் 833 பேர் சாட்சி சொன்னார்கள். தொலைக்காட்சியில் தினம் மூன்று நிமிடம் காட்டினார்கள், அதுவும் ஒலி இல்லாமல், சாட்சிகளின் முதுகை மட்டும். இரண்டு தளபதிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அப்புறம் மன்னிப்புச் சட்டங்கள் வந்தன, பொதுமன்னிப்பு வந்தது, 2000-க்குப் பிறகு அவை செல்லாதவை ஆகி வழக்குகள் திரும்ப ஆரம்பித்தன. நேர்கோட்டில் எதுவும் நடக்கவில்லை.

அங்கேயே பாட்டிமார்களின் அமைப்பு ஒன்றும் இருக்கிறது. சிறையில் பிறந்து, திருட்டுத்தனமாக வேறு வீடுகளில் வளர்க்கப்பட்ட பேரப்பிள்ளைகளைத் தேடுகிறவர்கள். 2000-லிருந்து அவர்களோடு சேர்ந்து நாடகக்காரர்கள் மேடை ஏறினார்கள். நீ யார் என்று உனக்குத் தெரியுமா என்பதுதான் நாடகங்களின் சாரம். பார்த்த சில இளைஞர்கள் சந்தேகத்தோடு வந்து ரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொண்டார்கள். இதுவரை 130-க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள், நாடகத்தால் வந்தவர்கள் அதில் ஒரு பகுதிதான். நாடகம் கூப்பிட்டது, மரபணு உறுதி செய்தது.

கண்ணகி ஏன் முதலில் இரண்டு கதை சொன்னாள் என்ற என் பழைய கேள்விக்கு இங்கே பதில் கிடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. பரலை எடுத்து நீட்ட வேண்டுமானால் முதலில் யாராவது கையை நீட்ட வேண்டும்.

பிப்ரவரி 16

"நானும் எங்கள் பகுதியில் சிலரின் கதைகளை எழுதலாம் என்றிருக்கிறேன், எங்கே தொடங்க" என்று கேட்ட தங்கைக்கு.

என்ன நடந்தது என்று தொடங்காதே. இதைச் சொல்வதால் உங்களுக்கு என்ன ஆக வேண்டும் என்று முதலில் கேள். எனக்கு அந்தக் கேள்வி ஆறு வருடம் கழித்துத்தான் வாயில் வந்தது. சிலர் சம்பளப் பாக்கி என்பார்கள், சிலர் அவன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பார்கள், ஒன்றும் வேண்டாம், சும்மா கேளுங்கள் என்பவர்களும் உண்டு. அவர்களிடம் நோட்டை மூடிவிட்டுக் கேள்.

ஏற்கெனவே மூன்று பேரிடம் சொல்லிவிட்டவர்களை நாலாவது முறை சொல்ல வைக்காதே. முன்பு எழுதியவரிடம் நகல் கேட்டு வாங்கு. எழுதியதை அவருக்கே படித்துக் காட்டு. கையெழுத்து வாங்கிவிட்டால் ஒப்புதல் முடிந்தது என்று நினைக்காதே. ஆறு மாதம் கழித்து அவருக்கே மனம் மாறலாம், அப்போதும் அந்தக் கதை அவருடையதுதான். பெயரை மாற்றினால் மட்டும் ஆள் மறைந்துவிட மாட்டார். ஊரும் வயதும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் இருந்தால் பக்கத்துத் தெருவுக்குத் தெரிந்துவிடும்.

தேதி, நேரம், கதவு எந்தப் பக்கம் திறக்கும், யார் முதலில் பேசினார், இதெல்லாம் சலிப்பான கேள்விகள். கேட்டுவிடு.

பிப்ரவரி 16, இரவு

"இவ்வளவும் சொல்கிறீர்களே, அந்த அக்காவின் கதையை இங்கே எழுத அவரிடம் கேட்டீர்களா?"

கேட்கவில்லை.

பிப்ரவரி 18

பரணிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கினேன். அவரைக் கூப்பிடுவதற்கு முன்பு நான் எழுதியது சரிதானா என்று பார்க்கலாம் என்றுதான்.

அலுவலகத்தில் வெட்டிவிட்டார்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன். அக்காவிடமும் அன்று அப்படித்தான் சொன்னேன். இத்தனை வருடம் நானும் அதையே நம்பிக்கொண்டிருந்தேன். நோட்டில் பூட்டைப் பற்றி ஆறு வரி இருக்கிறது. குறுக்கே பென்சில் கோடு. ஓரத்தில் "தேவையில்லை, அம்மா சாவிலிருந்து ஆரம்பிக்கலாம்" என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்து.

அலுவலகத்துக்குப் பூட்டு போய்ச் சேரவே இல்லை.

பிப்ரவரி 20

நேற்று அக்காவிடம் பேசினேன். முதலில் பென்சில் கோட்டைச் சொன்னேன். "அப்பவே தெரியும் தம்பி, நீ முகத்தைப் பார்த்துப் பேசலை" என்றார். இங்கே எழுதியிருப்பதையும் சொன்னேன். படித்துக் காட்டச் சொன்னார். 4-ஆம் தேதிக் குறிப்பு முழுவதையும் படித்தேன். இருக்கட்டும், பேர் மட்டும் வேண்டாம், என் பொண்ணு கல்யாணப் பேச்சு நடக்குது என்றார். கை வீங்கியதை எடுத்துவிடவா என்றேன். வேண்டாம், அது நடந்ததுதானே என்றார்.

ஆணித்துளைகள் வந்த இடத்தில் நிறுத்தினார். மேலே நாலு கீழே நாலு என்றால் கொண்டியை இடம் மாற்றி அடித்தார்கள் என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, நானே நினைத்துக்கொண்டேன்.

"பூட்டு ரெண்டு தம்பி. மேல் சாவி காவல்காரர்கிட்ட, கீழ்ச் சாவி சூப்பர்வைசர்கிட்ட. ரெண்டு பேரும் வந்தாத்தான் திறக்கும். அன்னைக்கு ராத்திரி காவல்காரர் வந்துட்டாரு. அவர் பூட்டைத் திறந்துட்டு அவரும் வெளியே நின்னு அழுதாரு."

மேலே நான் பூட்டு என்று எழுதியிருக்கும் இடங்களில் எல்லாம் இரண்டு பூட்டு என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.